டாக்டரம்மா கொடுக்காத வாட்ச்

இனிமேல் பெரிய மனிதனாகத் தெரிவது என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன்.

நான் திரைச்சீலை வியாபாரி. ஜன்னலை அளப்பது நான், தைப்பது என் மனைவி, மாட்டுவது மறுபடியும் நான். எத்தனையோ பங்களாக்களுக்குப் போகிறேன். யாரும் உட்காரச் சொல்வதில்லை. என் வெறும் மணிக்கட்டுதான் காரணம் என்று தோன்றியது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒருவன் பெட்டியைத் திறந்தான். "சார், ஒரிஜினலைச் செஞ்சவனே பார்த்தாலும் குழம்பிப் போவான்!"

தங்க நிறம், நல்ல கனம், நடுவில் மூன்று குட்டி வட்டங்கள். கட்டிப் பார்த்தேன். கழற்ற மனம் வரவில்லை. மனைவியின் தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்க வைத்திருந்த பணம் பையில் இருந்தது. ஒரு நிமிடம் கழித்து இல்லை.

"ஏங்க, மோட்டார் எங்கே?"

"கடையில இல்லையாம்."

"கையில என்ன?"

"டாக்டரம்மா குடுத்தாங்க. பதினாலு ஜன்னலுக்குத் திரை மாட்டினேன்ல, அந்தச் சந்தோஷத்துல."

"ஒரிஜினலா?"

"பின்னே?"

அவள் முழங்காலில் தைலத்தைத் தடவிக்கொண்டு மெஷினை மிதிக்கப் போனாள். அந்தக் கடகட சத்தம் இன்றும் என் காதை விட்டுப் போகவில்லை.

வாட்ச் கட்டியதும் உட்காரச் சொன்னார்கள், உண்மை. உட்கார்ந்ததும், "உங்களுக்கென்ன சார், கையைப் பார்த்தாலே தெரியுதே! பாதி விலைக்குக் குடுங்க" என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு குட்டி முள் கழன்று கண்ணாடிக்குள் உருண்டது. நாலாம் நாள் ஒன்பது இருபதில் நின்றே போனது. மணிக்கட்டும் பச்சையாகிவிட்டது. எல்லாம் என் நேரம்!

ஐந்தாம் நாள் மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"கிளம்புங்க. டாக்டரம்மா வீட்டுக்கு."

"எதுக்கு?"

"இவ்வளவு விலை உள்ள பொருளைச் சும்மா வாங்கலாமா? திருப்பிக் குடுத்துடலாம்."

"அவங்க மனசு நோகாதா?"

"நோகாம நான் பேசிக்கறேன்."

"அவங்க ஊர்ல இல்ல."

"இருக்காங்க. போன் பண்ணிட்டேன்."

வாசலில் அவள் விரல் அழைப்புமணியை நெருங்கியது.

"அழுத்தாதே! அவங்க குடுக்கல. நான்தான் வாங்கினேன். டூப்ளிகேட்."

"தெரியும். பச்சைப் பொய்தான் கையிலேயே ஊறியிருக்கே."

"மோட்டார் பணம்..."

"அதுவும் தெரியும். கடையில வரிசையா அடுக்கி வெச்சிருக்கான்."

திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். இந்தக் காலைத்தானே நான் ஏமாற்றினேன் என்று அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப எதுக்கு வந்தோம்?"

அவள் மணியை அழுத்தினாள்.

"வாம்மா!" என்றார் டாக்டரம்மா. "பக்கத்துக் கட்டடத்துல வர்ற புது கிளினிக்குக்கு முப்பது ஜன்னல். புதன்கிழமை திரைக்கம்பி சரி பண்ண வந்தப்பவே இவர்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அந்த வாட்சைப் பார்த்ததும் பயந்துட்டேன், ரேட்டு ஏத்திடுவாரோன்னு! நீ போன்ல பேசினப்புறம்தான் தைரியம் வந்துச்சு. வேலையை உன் பேர்லயே எடுத்துக்கோ."

மனைவி என் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை உருவினாள். பக்கத்துக் கட்டடத்தில் ஏணி சாய்த்திருந்த முதல் ஜன்னலை நோக்கி நடந்தாள்.

"ஏங்க, அந்த ஏணியைக் கொஞ்சம் ஆடாமப் பிடிங்க."

பிடித்தேன். இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.