என் கேமராவுக்கென்று ஒரு பை

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ததைச் சத்தமாகவே சொன்னேன். குளியலறைக்குள் நின்றுகொண்டுதான் சொன்னேன். ஆனால் சத்தமாகச் சொன்னேன்.

"என் கேமராவுக்குன்னு ஒரு பை! அதுல கேமரா மட்டும்தான் போகும்!"

"குழாயை மூடிட்டுப் பேசுங்க. தண்ணி வீணாகுது," என்றாள் என் மனைவி வெளியிலிருந்து.

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். என் மைத்துனன் குடியிருக்கும் ஊருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏரி. போன வருஷம் போயிருந்தபோது அந்த ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கியிருந்தன. ஒன்றிரண்டு இல்லை. தண்ணீரே தெரியாத அளவுக்கு. கேமரா வைத்திருக்கிற எவனும் அந்தக் காட்சிக்காக ஆயுள் முழுக்கக் காத்திருப்பான். நான் கேமரா வைத்திருக்கிறேன். நல்ல கேமரா. தூரத்துக் குருவியின் கண்ணைப் பிடிக்கிற நீள லென்ஸும் வைத்திருக்கிறேன். இரண்டும் அன்றைக்கு வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தன.

ஏன்? நாங்கள் போவது மலிவு விமானம். டிக்கெட் மட்டும்தான் மலிவு. மற்ற எல்லாவற்றுக்கும் தனியாகக் காசு. மூச்சு விடுவதற்கு இன்னும் வசூலிக்கவில்லை, யாரும் யோசனை சொல்லிவிடாதீர்கள். ஆளுக்கு ஒரே ஒரு பை, அதுவும் முன் சீட்டுக்கு அடியில் நுழைகிற பை. அவள் பையில் எங்கள் இருவர் துணியும் போயிற்று. என் பையில் அவள் தம்பிக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி போயிற்று. ஏரிக்கரையில் நான் இறங்கியது நேராக விமான நிலையத்திலிருந்து. ஆயிரக்கணக்கான பூநாரைகள் ஒரே நேரத்தில் சிறகை விரித்தன. நான் கையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்று பார்த்தேன்.

ஒரு வருஷமாக இது என் நெஞ்சில் கிடந்து வேகிறது. இப்போது மறுபடியும் பயணம். மைத்துனன் அதே ஏரிக்கரையில் சொந்தமாக வீடு வாங்கியிருக்கிறான். பூநாரைகளும் வந்துவிட்டனவாம்.

பயணம் வரும்போதே வில்லங்கமும் கூடவே வந்தது. என் மனைவி ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். திறந்தால் பீங்கான் டீ செட். வயிறு பருத்த ஒரு டீப்பாட், பூப்போட்ட ஆறு கோப்பை.

"தம்பி புது வீட்டுக்கு," என்றாள்.

"முடியாது."

"இன்னும் நான் ஒண்ணும் கேட்கவே இல்லையே?"

"கேட்கப் போற. முடியாது. பீங்கான் விமானத்துல போகாது. பார்சல்ல அனுப்பு."

"உங்க கம்பெனியிலயா?"

நான் வேலை பார்ப்பது ஒரு பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவில். சாமான் உடைந்துபோனது என்று அழுதுகொண்டு வருகிறவர்களிடம், "நீங்கள் சரியாகக் கட்டவில்லை" என்று முகத்தை மாற்றாமல் சொல்வதுதான் என் உத்தியோகம். எங்கள் கம்பெனி கைக்குப் போய் முழுசாகத் திரும்பி வந்தவை கடிதங்கள் மட்டுமே.

"சரி விடுங்க," என்றாள் அவள். "டீ செட்டுக்கு வேற வழி பார்த்துக்கறேன். நீங்க உங்க கேமராவை எடுத்துட்டு வாங்க. பாவம், போன தடவையே ஆசைப்பட்டீங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் "சரி விடுங்க" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஜெயித்தவனுக்கு எங்கே உறைக்கும்?

அடுத்த நாளே ஆராய்ச்சியில் இறங்கினேன். விமானக் கம்பெனி சொன்ன நீள அகல உயரத்துக்கு, பழைய ஃபிரிட்ஜ் வந்த அட்டையை வெட்டி ஒரு பெட்டி செய்து நடுக்கூடத்தில் வைத்தேன். இதில் நுழையாத எதுவும் விமானத்தில் நுழையாது. வீட்டில் இருந்த எல்லாப் பைகளையும் நுழைத்துப் பார்த்தேன். ஒன்று நுழைந்தது, ஆனால் வெளியே வரவில்லை.

மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்தேன். மருந்துக் கம்பெனி விற்பனையாளர். வாரத்துக்கு மூன்று ஊர் பறப்பவர். எங்கே போனாலும் ஒரே பைதான் என்பதால் எங்கள் குடியிருப்பில் அவர் பெயரே 'ஒற்றைப் பை'.

"சார், கேமராவுக்குப் போய் எதுக்குப் பை?" என்றார் ஒற்றைப் பை. "கழுத்துல மாட்டிக்குங்க. உடம்புல மாட்டியிருக்கிறது பைக் கணக்குல வராது. கோட்டு பாக்கெட்ல இருக்கிறதும் வராது. நான் ஒருமுறை பாக்கெட்லயே மூணு நாள் துணி கொண்டு போனேன்."

"நான் என்ன வேடிக்கை பார்க்க வந்தவனா? கழுத்துல மணி கட்டின மாதிரி கேமராவைத் தொங்கவிட்டுட்டு அலையறதுக்கு? கலைஞன் சார் நான்!"

"கலைஞருக்கும் அதே சட்டம்தான் சார்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இந்த அவமானத்தை வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கை வைத்துக்கொண்டிருந்தாள். தைப்பதுதான் அவள் தொழில். மெஷின் நின்றது.

"உடம்புல மாட்டியிருந்தா கணக்கே கிடையாதாமா?"

"கிடையாதாம். அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணுமில்ல. நீங்க சொல்றது சரிதான். உங்களுக்கு அது நல்லாவா இருக்கும்? நல்ல பையா வாங்கலாம். நானும் வரேன்."

மெஷின் மறுபடி ஓடியது. முன்னைவிட வேகமாக ஓடியது.

பைக் கடையில் என் நிபந்தனையைக் கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். பை சிறியதாக இருக்க வேண்டும். உள்ளே தடுப்புகள் இருக்க வேண்டும். பிய்த்து எடுக்கிற தடுப்பு கூடாது. அதைப் பிய்த்துவிட்டு உள்ளே இஸ்திரிப் பெட்டி வைப்பார்கள். தைத்த தடுப்புதான் வேண்டும். கேமராவைத் தவிர வேறெதுவும் அந்தப் பைக்குள் நுழைய நினைத்தாலே திணற வேண்டும்.

கடைக்காரர் ஒரு பையை எடுத்து வைத்தார். கறுப்பு நிறம். நடுவில் ஒரு பெரிய அறை, சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றும் தனித் தனியாகத் தைத்தது, எல்லாப் பக்கமும் தடிமனாகப் பஞ்சு. என் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் எனக்கென்று ஒரு அலமாரித் தட்டுகூடக் கிடையாது. இதில் எத்தனை அறைகள்!

என் மனைவி கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி ஒவ்வொரு அறையாக அளந்தாள். தொழில்காரி இல்லையா! பஞ்சை விரலால் அமுக்கிப் பார்த்தாள். தையலை இழுத்துப் பார்த்தாள்.

"ஆழம் பத்துமா? நடுவுல வைக்கிறது கொஞ்சம் வயிறா இருக்குமே?"

"கேமராவுக்கு ஏது வயிறு? பிடிப்பைச் சொல்றியா? பத்தும், பத்தும்."

அவளுக்கு என் கேமராவின் மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஆச்சரியம். அதோடு நிற்கவில்லை. கடைக்காரர் டீ குடித்துவிட்டு வைத்திருந்த கண்ணாடி டம்ளரைப் படக்கென்று எடுத்து ஒரு சின்ன அறைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். பையை மேஜை உயரத்திலிருந்து கீழே போட்டாள்.

"அம்மா!" என்று அலறினார் கடைக்காரர்.

"லென்ஸும் கண்ணாடிதானே? கண்ணாடியை வச்சுத்தானே சோதிக்கணும்?" என்று ஜிப்பைத் திறந்தாள். டம்ளரில் கீறல் இல்லை. "இதையே வாங்குங்க. விலையைப் பத்தி யோசிக்காதீங்க."

விலையைப் பற்றி யோசிக்காதே என்று சொல்லும் மனைவியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குப் பார்த்தேன். அவசரமாகக் காசைக் கட்டினேன்.

பையோடு சின்னப் பூட்டு ஒன்றும் வாங்கினேன். இனி என் அனுமதி இல்லாமல் இதில் ஒரு குண்டூசி போகாது. சாவியை நான் எப்போதும் தொலைத்துவிடுவேன். அதனால் பத்திரமாக இருக்கட்டும் என்று அவளிடமே கொடுத்துவைத்தேன்.

சிரிக்காதீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

பயணத்துக்கு முதல் நாள் அவள் எனக்கு ஒரு பரிசு தந்தாள். கையில்லாத ஒரு கோட்டு. அவளே தைத்தது. "ஏரிக்கரையில குளிரும்," என்றாள். உருகிவிட்டேன். வெளியே இரண்டு பாக்கெட், உள்ளே இரண்டு பாக்கெட். ஒவ்வொன்றும் கை முட்டி வரை உள்ளே போனது.

"பாக்கெட் ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?"

"துணி மிச்சம் இருந்தது. வெட்டி எறியவா சொல்றீங்க?"

மறுநாள் காலை கேமராவைத் துடைத்து நடு அறையில் வைத்தேன். நீள லென்ஸை ஒரு அறையில், குட்டி லென்ஸ்களை மற்ற அறைகளில். பூட்டினேன். அட்டைப் பெட்டியில் நுழைத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போயிற்று. வாசலில் வைத்துவிட்டு நிம்மதியாகக் குளிக்கப் போனேன். பாட்டுக்கூடப் பாடினேன். இரண்டு பாட்டு.

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை. என் மனைவியின் பை முதலில் போயிற்று, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் என் பை போயிற்று. மெஷின் நின்றது. திரைக்கு முன்னால் இருந்த சீருடைக்காரர் நிமிர்ந்தார்.

"இது யாரோட பை?"

"என்னோடது!" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "உள்ளே கேமராவும் லென்ஸும். கொஞ்சம் மெதுவாகக் கையாளுங்க."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"கேமராவா சார்? மூக்கு வச்சிருக்கே?"

"அது லென்ஸ்."

"கைப்பிடியும் இருக்கு. சுத்தி ஆறு கோப்பை இருக்கு. டீப்பாட்டுக்குள்ள ஏதோ பொடி வேற இருக்கு. என்ன பொடின்னு தெரியல. இந்தப் பக்கம் வாங்க சார்."

வரிசையில் நின்றவர்கள் என்னைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார்கள். புகார்ப் பிரிவில் இத்தனை வருஷம் நேர்மையாகப் பொய் சொன்ன மனுஷன் நான். பொடியோடு பிடிபட வேண்டுமா?

"சர்க்கரைங்க," என்று என் மனைவி சாவியை நீட்டினாள். "திறந்து பாருங்க. வேணும்னா வாயில போட்டுக்கூடப் பாருங்க."

திறந்தார்கள். நடு அறையில் டீப்பாட் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் அறைக்கு ஒன்றாகப் பூப்போட்ட கோப்பைகள். அளவெடுத்துத் தைத்த மாதிரி.

"சர்க்கரை எதுக்கு?" என்று கத்தினேன். அதைத்தான் முதலில் கேட்க வேண்டுமா என்று கேட்காதீர்கள். வாயில் அதுதான் வந்தது.

"எடை குறைஞ்சா கண்டுபிடிச்சிடுவீங்களே. கிச்சன் தராசுல நிறுத்து உங்க கேமரா எடைக்குச் சரியாப் போட்டேன்."

"என் கேமரா எங்கே? பூட்டிட்டுத்தானே குளிக்கப் போனேன்!"

அவள் தன் பையைத் திறந்தாள். துணிகளுக்கு நடுவில் என் பனியனில் சுற்றிப் பத்திரமாக இருந்தது, லென்ஸ்களும் கூடவே. எடுத்து வாரை என் கழுத்தில் மாட்டினாள். நீள லென்ஸை நான் போட்டிருந்த கோட்டின் உள் பாக்கெட்டில் இறக்கினாள். குட்டி லென்ஸ்களை தனித்தனி பாக்கெட்டில் போட்டாள். ஒவ்வொன்றும் சரியாகப் போய் உட்கார்ந்தது. துணி மிச்சமாம்!

"இது துரோகம்," என்றேன். "ஒரு வருஷமா ஆசைப்பட்டு வாங்கின பை!"

"உங்க கேமராவும் வருதுல்ல? ஒரு லென்ஸாவது விட்டிருக்கேனா?"

"கழுத்துல தொங்கவிட மாட்டேன்னு சொன்னேனே!"

"கேமராவைக் கழுத்துல மாட்டலாம். டீப்பாட்டைக் கழுத்துல மாட்டிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. பார்சல்காரர்தானே?"

சீருடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவருக்கும் கல்யாணமாகியிருக்க வேண்டும். "போங்க சார்," என்றார்.

விமானம் ஏறும் வாசலில் ஒரு பெண் இரும்புச் சட்டத்தோடு நின்று எல்லார் பையையும் அளந்துகொண்டிருந்தாள். என் மனைவியின் பை நுழைந்தது. என் பை, அதாவது டீப்பாட்டின் பை, அதைவிட அழகாக நுழைந்தது. பிறகு அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான்கு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றேன். அக்குள் வரை லென்ஸ்.

"சார் மேல இருக்கிறது?"

"உடம்புல மாட்டியிருக்கிறது பைக் கணக்குல வராதே?" என்றாள் என் மனைவி.

"வராது," என்றாள் அந்தப் பெண். "ஆனா சார் சீட்டுக்குள்ள நுழைவாரா?"

நுழைந்தேன். நீள லென்ஸ் விலாவில் குத்த, கேமரா மோவாயில் இடிக்க, பயணம் முழுக்க நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். என் காலடியில் அந்தக் கறுப்புப் பை கால் நீட்டிக்கொண்டு வந்தது.

மைத்துனன் வீட்டு வாசலிலேயே என் மனைவி பையைத் திறந்துகாட்டினாள். ஒரு கோப்பைகூட உடையவில்லை. கீறல்கூட இல்லை. என் கம்பெனி வரலாற்றில் நடக்காத அதிசயம்.

"ஐயோ அக்கா, எவ்வளவு அழகா இருக்கு!" என்று குதித்தான் மைத்துனன். "இந்தப் பையும் எனக்கா?"

"பின்னே? பையோடயே வச்சுக்கோ. அலமாரியில இருந்தா என்னைக்காவது உடையும். இதுல இருந்தா உடையாது. உங்க அத்தான் தேடித் தேடி வாங்கினது."

வீட்டுக்குப் பின்னால் ஏரியில் பூநாரைகள் கத்தின. கேமராவைத் தூக்கலாம் என்று பார்த்தால், மூன்று லென்ஸில் எது எந்தப் பாக்கெட்டில் என்று தெரியவில்லை. கோட்டுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

மைத்துனன் என் கழுத்தைப் பார்த்தான். முகம் வாடிவிட்டது. உண்மையான கவலை.

"என்ன அத்தான், இவ்வளவு நல்ல கேமராவை இப்படித் தொங்கவிட்டுட்டா வர்றது? ஒரு பை வாங்கிக்கக் கூடாதா?"