கழற்றி மாட்டிகள்

எங்கள் உத்ரெக்ட் நகரில் ஆளைவிட சைக்கிள் அதிகம். அந்த சைக்கிள்களை நிம்மதியாக ஓட விடாத ஓர் இனமும் இங்கே உண்டு: கழற்றி மாட்டிகள். நன்றாக ஓடுகிற சக்கரத்தைக் கண்டால் இவர்களுக்குக் கை அரிக்கும்.

பக்கத்து வீட்டு யோரிட்டையே பாருங்கள். சக்கரத்தின் நடுவிலிருக்கிற ஹப்பைத் துண்டு துண்டாக வடிவமைத்திருக்கிறார். கியருக்கு ஒரு துண்டு, விளக்குக்கு ஒன்று, குலுக்கல் தாங்கும் ரப்பர் ஒன்று, பெடலைப் பின்னால் மிதித்தால் வண்டி நிற்குமே, அந்த பிரேக் ஒன்று. வேண்டியதை மாட்டலாம், வேண்டாததைக் கழற்றலாம். பிறந்தநாள் வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கேக் தின்னும்போது, இவர் மடியில் கிரீஸ் ஒழுகும் சக்கரத்தோடு உட்கார்ந்து, "இது வெறும் சக்கரம் இல்ல, ஒரு ஏற்பாடு" என்பார். யார் கேட்டது?

ஒரு சனிக்கிழமை அவர் மகள் ஃபெம்கேவுக்கு நீச்சல் தேர்வு. சட்டை, பேன்ட், ஷூவோடு குதித்து நீந்த வேண்டும். எங்கள் கால்வாய்களில் யாரும் நீச்சலுடையிலா விழுகிறார்கள்? போன தடவை பயந்து, தண்ணீரில் கால்கூட வைக்காமல் அழுதுகொண்டே திரும்பியவள் அவள்.

"இன்னிக்காவது எதையும் நோண்டாம புள்ளயக் கொண்டுபோய் விடு, யோரிட்," என்றார் மனைவி ஹெஸ்டர்.

"நோண்டல ஹெஸ்டர். அவ பின்னாடி உக்காந்தா குலுங்கக் கூடாதுன்னு ரப்பர் மட்டும் போட்டேன்."

ரப்பருக்கு இடம் வேண்டாமா? பிரேக்கைக் கழற்றியிருந்தார்.

பாலத்து இறக்கத்தில் பெடலைப் பின்னால் மிதித்தார். சும்மா சுற்றியது. "ஆகா, என்ன வழுவழுப்பு!" என்றுதான் அந்த மனுஷர் முதலில் சொன்னார் என்று ஃபெம்கே சத்தியம் செய்கிறாள்.

தொபுக்கடீர்! அப்பாவும் மகளும் கால்வாயில்.

கரையில் நின்ற நான் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. தனியாகக் கழன்று வந்த சக்கரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மிதந்தார் யோரிட்.

"அப்பா, அத விடுப்பா! என்னப் பாருப்பா!"

விட்டார். அத்தனை வருஷ உழைப்பும் முழுகியது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மகள் பக்கத்திலேயே நீந்தினார்; பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஷூவும் சட்டையுமாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஏணிவரை அவளே நீந்திப் போனாள்.

"வாப்பா, நடந்தே போலாம். இதவிடவா அங்க ஜில்லுனு இருக்கப்போவுது?"

தேர்வு நடத்திய பெண்மணி, "ஏண்டி, குதிக்கறதுக்கு முன்னாலயே நனைஞ்சுட்ட?" என்று கேட்டாராம். ஃபெம்கே தேறிவிட்டாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், உட்கார்ந்த நாற்காலியின் திருகாணியைத் தடவியபடி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டில் ஒரு நாள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எதையோ திறந்து, திரும்ப மாட்டி முடித்தபோது, ஒரு திருகாணி உங்கள் கையில் மிஞ்சியதே. அதை எங்கே ஒளித்தீர்கள்?