அங்கீகரிக்கப்பட்ட காற்று

நகரத்தில் நச்சுத் திரவம் கொட்டினால் என்ன செய்யவேண்டும் என்பதற்கு நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் இருந்தது. வழவழப்பான அட்டை, உள்ளே வண்ண வண்ண வரைபடங்கள். அந்த வருஷம் திட்டம் போடுவதுதான் மோஸ்தர். திட்டம் இல்லாத அதிகாரிக்குப் பியூன்கூட எழுந்து நிற்கமாட்டார்.

திட்டத்தை எழுதியவர் பேரிடர்த் திட்ட அலுவலர். அதன்படி களத்தில் இறங்கவேண்டியவள் தீயணைப்பு நிலைய அதிகாரி. அவர் அண்ணன், இவள் தங்கை. ஒரே வயிற்றில் பிறந்திருந்தாலும் அலுவலக நேரத்தில் அந்த உறவு செல்லாது என்று அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு ரவுண்டானாவில் திரும்பிய டேங்கர் லாரி ஒன்று நிலைதடுமாறிச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

தீயணைப்பு வண்டியை ஓட்டி வந்தவருக்கு நிலையத்தில் ‘நிதானம்’ என்று பெயர். அன்று அவரே நாலாவது கியர் போட்டார் என்றால் நிலைமையின் தீவிரத்தை ஊகித்துக்கொள்ளலாம். காற்று வரும் பக்கமாகப் பார்த்து, நூறு அடிக்கு மேல் தள்ளியே வண்டியை நிறுத்தச் சொல்லி அவள் இறங்கினாள். டேங்கரின் வால்விலிருந்து திரவம் குபுகுபுவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் வெள்ளைப் புகை தரையோடு தரையாக ஊர்ந்தது.

இந்த மாதிரி வண்டிகளின் பின்பக்கம், உள்ளே இருப்பது என்ன என்பதற்கான எண்ணைப் பெரிதாக எழுதியிருக்கவேண்டும். எழுதித்தான் இருந்தார்கள். அதன்மேல் முதலாளி புதுப் பெயின்ட் அடித்து, ‘புன்னகையோடு முந்திச் செல்லுங்கள்’ என்று எழுதிவிட்டார்.

லாரி டிரைவர் நொண்டிக்கொண்டே வந்து நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்.

“உள்ள என்னங்க?”

“தெரியாதுங்க மேடம். ஏத்தினாங்க, ஓட்டினேன்.”

“சீட்டு ஏதாவது குடுத்தாங்களா?”

சட்டைப் பையிலிருந்து வியர்வையில் நனைந்த காகிதம் வந்தது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பன்னிரண்டாயிரம் லிட்டர்.

அவள் வேலையை ஆரம்பித்தாள். மூச்சுக் கருவியும் அமிலம் தாங்கும் உடையும் போட்ட நாலு பேர் சாக்கடை வாய்களை மணல் மூட்டையால் அடைத்தார்கள். திரவத்தைச் சுற்றி மணலால் வரப்புக் கட்டினார்கள். தேங்கியதன்மேல் தண்ணீர் படாமல், புகையின்மேல் மட்டும் பூவாளி மாதிரி தண்ணீர் விசிறச் சொன்னாள். சுண்ணாம்பு மூட்டைகளுக்கு ஆள் போனது. பிறகு ஒரு கம்பில் ரிப்பனைக் கட்டிப் பார்த்தாள். ரிப்பன் மேற்கே பறந்தது. மேற்கே மூன்று வரிசை வீடுகள் இருந்தன.

சுற்றுச் சாலை வழியாகப் போய் ஒலிபெருக்கியில் கத்தினாள். ஜனங்கள் லேசில் அசையவில்லை. ஒரு அக்கா அடுப்பில் பால் இருக்கிறது, பொங்கட்டும் என்றார். மாடியிலிருந்து ஒருவர் போனை நீட்டிக்கொண்டு, “மேடம், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புகை மறைக்குது” என்றார். கெஞ்சி, மிரட்டி, கடைசியில் கையைப் பிடித்து இழுத்து, அத்தனை பேரையும் கிழக்கே இருந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அப்போது அண்ணனின் போன் வந்தது.

“என்ன பண்ணி வெச்சிருக்கே நீ? நாப்பத்தோராம் பக்கத்துல காத்து மேற்கேருந்து கிழக்கேன்னு தெளிவா இருக்கு. பாதுகாப்பான இடத்துல இருந்த ஜனங்களை ஆபத்தான இடத்துக்கு மாத்தியிருக்கே!”

“அண்ணே, இன்னைக்குக் காத்து கிழக்கேருந்து அடிக்குது.”

“எழுத்துல இருக்கா?”

“ரிப்பன்ல இருக்கு, வந்து பாருங்க.”

“ரிப்பனுக்குக் கையெழுத்துப் போடுற அதிகாரம் கிடையாது. அந்தத் திசையைக் குழு கூடி அங்கீகரிச்சிருக்கு. மாத்தணும்னா குழுதான் கூடணும்.”

“இப்ப எங்கே இருக்கீங்க?”

“திட்டப்படி கட்டுப்பாட்டு மையத்துல. மேற்கே, சமுதாயக் கூடத்துல. தலைமை அதிகாரியும் வந்துட்டார்.”

அண்ணனுக்குச் சின்ன வயசிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு.

“அண்ணே, உடனே வெளியே வாங்க. புகை அங்கேதான் வருது.”

“திட்டத்தை எழுதினவனே திட்டப்படி நிக்கலேன்னா நாளைக்கு எவன் மதிப்பான்?” என்று போனை வைத்தார்.

சமுதாயக் கூடத்தில் பதினோரு அதிகாரிகள் நாற்காலியில் அமர்ந்து நிலைமையைக் கூர்ந்து கண்காணித்துக்கொண்டிருந்தனர். முதலில் ஒருவர் இருமினார். கண்ணில் நீர் வழிய, “லேசா ஒரு நெடி இருக்கற மாதிரி…” என்று இழுத்தார். தலைமை அதிகாரி இருமவில்லை என்பதால் அது குறிப்பேட்டில் ஏறவில்லை. சற்று நேரத்தில் தலைமை அதிகாரியே இருமினார். உடனே மற்ற பத்துப் பேரும் அதுவரை அடக்கிவைத்திருந்ததையும் சேர்த்து இருமித் தீர்த்தார்கள்.

திட்டப்படி ஆபத்தில்லாத இடத்திலிருந்து ஓடினால் அது ஓட்டம் ஆகிவிடும். எனவே தலைமை அதிகாரி எழுந்து, “கள ஆய்வுக்குப் புறப்படுவோம்” என்று அறிவித்தார். அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அவரை முந்திப்போகும் துணிச்சல் யாருக்கும் இல்லை. அவருக்குப் பின்னால் இணை அதிகாரி, அவருக்குப் பின்னால் துணை அதிகாரி என்று புகைக்குள் ஓர் ஊர்வலம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அண்ணன் எட்டாவது ஆளாக நின்றார். அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூச்சுக் கருவியோடு உள்ளே நுழைந்தவள் கண்ணில் அதுதான் பட்டது. பின்னாலேயே அவள் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைமை அதிகாரியைத் தாண்டி ஓடி, அண்ணனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“வரிசை… வரிசை…” என்று அவர் முனகினார்.

“வாயை மூடிட்டு வாங்கண்ணே!”

பக்கவாட்டுக் கதவை உதைத்துத் திறந்து அவரைக் காற்றோட்டமான இடத்தில் கிடத்தி ஆக்சிஜன் வைத்தாள். மற்றவர்களையும் அவள் ஆட்கள் இழுத்து வந்தார்கள். அண்ணனின் நெஞ்சு சீராக ஏறி இறங்கும் வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு அலுவலக நேரத்தில் அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்கள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் பிடித்தார்.

மாலைக்குள் அமிலம் முழுவதும் சுண்ணாம்பில் அடங்கியது. சாக்கடையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒருவரும் சாகவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

விசாரணைக் குழு கூடியது. “காயம் உண்டா?” என்பதே முதல் கேள்வி. மூன்று வரிசை வீட்டுக்காரர்களும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். உண்டு என்றால் அந்தப் பகுதிக்குக் கெட்ட பெயர், பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்பது அவர்கள் கவலை. அடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு மூச்சுத் திணறியதாமே?”

அண்ணன் தொண்டையைச் செருமினார். “அது என் சொந்த இரைப்பு. அரசுக்குச் சம்பந்தமில்லை.”

கடைசியாக அவளைக் கேட்டார்கள். “நீங்கள் புகையைச் சுவாசித்தீர்களா?”

“நான் முகமூடி போட்டிருந்தேன்.”

“அப்போ உங்களுக்கும் தெரியாது.”

காயமில்லாததால் விபத்தில்லை. விபத்தில்லாத இடத்தில் ஜனங்களை வீட்டைவிட்டு விரட்டியது குற்றம். அவளுக்கு வேலையே போயிருக்கும். அண்ணன்தான் இரண்டு நாள் அலைந்து ஒரு வழி கண்டுபிடித்தார். அன்று நடந்ததை ஒத்திகை என்று பதிவு செய்துவிட்டால் யாருக்கும் பாதகமில்லை. குழு அகமகிழ்ந்து ஏற்றுக்கொண்டது. ஒத்திகையில் சிறப்பாகப் பங்கேற்றதற்காகப் பதினோரு அதிகாரிகளுக்கும் அவளுக்கும் சான்றிதழ் வழங்கப்பட்டது.

கிழித்துப்போடலாம் என்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் கணவர் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார். மறுநாள் காலையில் அது கொஞ்சம் கோணலாகத் தொங்குவதைப் பார்த்தாள். நேராக்கி வைத்தாள்.

அடுத்த மாதம் அதே ரவுண்டானாவில் இன்னொரு டேங்கர் கவிழ்ந்தது. இந்த முறை மஞ்சள் புகை. அவள் ஒலிபெருக்கியை எடுப்பதற்கு முன்பே மூன்று வரிசை வீட்டுக்காரர்களும் தலைவாரிப் பவுடர் போட்டு, துவைத்த உடையோடு தெருவில் வந்து நின்றிருந்தார்கள்.

“போன தடவை எங்களை விட்டுட்டீங்க மேடம். இந்தத் தடவை எங்க பேரும் சான்றிதழ்ல வரணும்” என்றார் பால் வைத்த அக்கா.

நிதானம் எஞ்சினை நிறுத்தாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

“மேடம், இது நிஜமா, ஒத்திகையா?”

போனை எடுத்து, “ஒரு நிமிஷம் இருங்க, அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றாள்.