இருளைக் காட்ட எட்டு விளக்கு

ஏணியின் உச்சிப் படியில் இரண்டு கைகள் வேலையாக இருக்கின்றன. ஒன்று கம்பத்தைக் கட்டிப் பிடித்திருக்கிறது. மற்றது பூசணிக்காய் அளவுள்ள விளக்கொன்றைத் திருகிப் பொருத்திவிட்டு, குழந்தையின் முகவாயைத் தூக்குவதுபோல அதன் முகத்தை மெல்ல வானத்தைப் பார்க்கத் திருப்புகிறது. சுற்றிலும் ஏற்கெனவே இருபத்தொரு விளக்குகள் எரிகின்றன. மணி மாலை நான்கு. சூரியனும் எரிகிறது.

வாசகர்களே, இந்த இனத்துக்கு வெளிச்சப் பிரியர் என்று பெயர். கடை, பட்டறை, கிட்டங்கி, பெட்ரோல் பங்க் என்று வாசல் உள்ள எந்தத் தொழிலிலும் இவரைக் காணலாம். ஏன் ஐயா இத்தனை விளக்கு என்று கேட்டுப் பாருங்கள். முதலில் திருடன் வருவான் என்பார். திருடன் வந்து எதைத் தூக்குவான், கல்லடுப்பையா என்று கேட்டால், வாடிக்கையாளர் வருவார் என்பார். விடியற்காலை மூன்று மணிக்கு எந்த வாடிக்கையாளர் என்று கேட்டால், "இருக்கட்டுமே" என்பார். மூன்றாவதுதான் உண்மையான காரணம்.

எங்கள் எல்கிப் பள்ளத்தாக்கில் இந்த இனம் கொழுப்பது ஓர் அதிசயம். மலைக்கு மலை வெள்ளைக் குவிமாடம் கட்டிக்கொண்டு ஊர் உலகத்து வானியலாளர்கள் வந்து உட்கார்ந்திருப்பது இங்குள்ள இருட்டை நம்பித்தான். ஆட்டுப்பால் கட்டியும் திராட்சைச் சாராயமும் விற்கிற நாங்கள் கூடவே நட்சத்திரத்தையும் விற்றுப் பிழைப்பதும் அதே இருட்டை நம்பித்தான். இதெல்லாம் வெளிச்சப் பிரியருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஏணியில் நிற்கிறாரே, ஆட்டுக்கறி உணவகத்துத் தோன் ஒதிலியோ, அவரைவிட உரக்க இருட்டைப் புகழ்ந்தவர் எங்கள் வணிகர் சங்கத்திலேயே கிடையாது.

உணவகத்தை ஒட்டிய நிலத்தில் ஒரு தொலைநோக்கியையும் சில மடக்கு நாற்காலிகளையும் வைத்து, வருகிறவர்களுக்கு வானம் காட்டிப் பிழைப்பவள் சுனில்தா. முந்தின இரவு ஒரு பயணி அரைமணி நேரம் வாயைப் பிளந்து ரசித்த வியாழன் கிரகம், பிறகு விசாரித்ததில், தோன் ஒதிலியோவின் கழிப்பறை வாசல் விளக்கு. அவள் நேரே ஏணியடிக்கு வந்து நின்றாள்.

"தோன் ஒதிலியோ, சனிக்கிழமை பஸ் வருது. நாப்பது பேரு. நட்சத்திரம் தெரிஞ்சா கோடை முழுக்க வாரம் ஒரு பஸ் அனுப்புறாங்களாம். தெரியலேன்னா தொலைநோக்கிய வித்துட்டு லா செரெனா டவுன்ல ஹோட்டல் போர்வை மடிக்கப் போக வேண்டியதுதான். கொஞ்சம் விளக்க அணைங்க."

"கொஞ்சமா? என்னம்மா பேசுற! இருட்டு நம்ம சொத்து! நாளைக்கே பாரு, நான் என்ன செய்றேன்னு!"

செய்தார். மறுநாள் சாலையோரம் ஆளுயர எழுத்தில் ஒரு பலகை எழுந்தது: 'இங்கே இருள் பாதுகாக்கப்படுகிறது.' எழுத்து தெரிய வேண்டாமா? எட்டு விளக்கு.

விளக்குச் சட்டம் பார்க்கும் அதிகாரி வந்தார். எல்லா விளக்கும் தரையைப் பார்க்க வேண்டும், தலைக்கு மூடி வேண்டும் என்றார். தோன் ஒதிலியோ அவருக்குக் கறி அடைத்துச் சுட்ட எம்பனாதா கொடுத்து, சொன்னதற்கு மேல் ஓர் அங்குலம் நீளமாகவே மூடி போட்டார். முப்பது விளக்கும் குனிந்த தலை நிமிராமல் நின்றன. ஆனால் அவ்வளவு வெளிச்சமும் கறுத்த மண்ணில் விழுந்து வீணாவதை அவரால் பார்க்க முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் முற்றம் முழுவதற்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டார். கீழே விழுந்த வெளிச்சம் துள்ளி எழுந்து வானத்துக்கே போயிற்று.

"பனி பெஞ்ச மாதிரி இருக்கு ஐயா," என்றாள் சுனில்தா.

"அழகா இருக்குல்ல?"

"நிலாவுல இருந்து பாத்தாக்கூட அழகாத்தான் இருக்கும்."

பாவம், அவர் மனம் நொந்துபோனார். உடனே கருஞ்சல்லி கொட்டிச் சுண்ணாம்பை மறைத்தார். ஆள் நடந்தால் மட்டும் எரிகிற கருவியை வாங்கி எல்லா விளக்கிலும் மாட்டினார். சனிக்கிழமை பொழுது சாய்ந்தது. முற்றம் இருண்டு கிடந்தது. பஸ் வந்தது, நாற்பது பேர் அண்ணாந்தார்கள், சுனில்தா தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டக் கை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு முற்றத்தைக் கடந்தது. முப்பது விளக்கும் பளீரென்று எரிந்தன. ஆடு மிரண்டு ஓடியது, அதைப் பார்த்து மந்தை ஓடியது, மந்தையைப் பார்த்து நாய் ஓடியது, விளக்குகள் அணைவதும் எரிவதுமாகப் பள்ளத்தாக்கே திருவிழாவாயிற்று. சாந்தியாகோ நகரத்திலிருந்து வந்த கனவான் ஒருவர் கோட்டைக் கழற்றிவிட்டு ஆடவே தொடங்கிவிட்டார்.

பஸ்ஸோடு வந்த சுற்றுலா நிறுவனத்துக்காரர் ஆடவில்லை. "அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவ வர்றோம்மா. அதான் கடைசி."

சுனில்தா அதற்குமேல் கெஞ்சவில்லை. மின்வேலை பார்க்கும் பிளாசிதோ மேஸ்திரியிடம் போனாள். முப்பது விளக்கின் கம்பியையும் ஒரே பெட்டிக்குக் கொண்டுவந்து, அந்தப் பெட்டியைத் தன் பக்கத்துச் சுவரில் வைக்க வேண்டும் என்றாள். தோன் ஒதிலியோ மறுப்பார் என்று நினைக்கிறீர்களா? "பிரமாதம்! இத ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று குதித்தார். கம்பி இழுத்தார், பலகை சீவினார், தன் கையாலேயே பெட்டிக்குச் சாயம் பூசினார். சனிக்கிழமை அந்தி மயங்கும் நேரம் பஸ் வந்து நிற்கையில், சுவரில் மாட்டிய பெட்டிமேல் நாடா கட்டி அவளை அழைத்தார். பெட்டியின் உச்சியில் ஒரு சின்னக் குண்டு பல்பு சுடர்விட்டுக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு?"

"இருட்டுல ஸ்விட்ச் எங்கன்னு எப்படிம்மா தேடுவ?"

அவள் பல்பைத் திருகிக் கழற்றி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஸ்விட்சைத் தட்டினாள். முப்பதும் அணைந்தன.

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சிழுத்தது திராட்சைத் தோட்டத்துக் கடைசிக் கொடிவரை கேட்டது. நிறுவனத்துக்காரர் வெகுநேரம் தலையைக் குனியவே இல்லை. பிறகு, "கோடை முழுக்க அனுப்புறோம். எழுதிக்கோங்க," என்றார். எங்கேயோ ஒரு மடக்கு நாற்காலி சரிந்தது. "யாராவது கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்கப்பா!" என்றது தோன் ஒதிலியோவின் குரல். ஒருவரும் காட்டவில்லை.

சிரிக்கிறீர்கள், நல்லது. உங்கள் கடை மதிலில் இரவெல்லாம் தென்னை மட்டையின் அடிப்பாகத்துக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கிறதே ஒரு விளக்கு, அது யார் படிப்பதற்கு? என்னுடையது சின்னதுதானே என்று நீங்கள் முணுமுணுத்தது கேட்டது. பிளாசிதோ மேஸ்திரி பொறுமைசாலி, காரியக்காரர். அந்த வாரம் பெட்டி ஒன்றல்ல, இரண்டு செய்தார். இன்னொன்று யாருக்கு மேஸ்திரி என்று கேட்டதற்கு, "கதையக் கேட்டுட்டு ரொம்பச் சிரிக்கிறவருக்கு," என்றார்.

இந்தாருங்கள். கொஞ்சம் கனம், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.