லைன் இருந்தால்தான் சூரியன்

"…அட, அவன் செத்துத் தொலைஞ்சா நாளைக்குப் பீஸ் கட்டை போட எவன்டா வருவான்? வயரை விடு மாப்ள" என்றார் வெயிலண்ணே.

மதுரைச் சீமையிலேயே மேகத்தைக் கெட்ட வார்த்தையில் வைத ஒரே மனிதர் அவர்தான். ஊரே மழைக்கு ஏங்கிக் கிடக்கும். பேரையூர்ப் பக்கம் அவருடைய சொந்தக்காரர்கள் மழைக்கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருப்பார்கள். இவர் திருப்பரங்குன்றத்து மொட்டைமாடியில் நின்று மேகத்தோடு மல்லுக்கு நிற்பார்: "வந்துட்டாருய்யா தொரை. பேரையூர்ல கேக்குறாய்ங்கள்ல, அங்கிட்டுப் போ."

அப்பளம் காயப்போடுகிறவருக்கு அது நியாயம்தான். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது.

மேகத்துக்கு அடுத்தபடி திட்டு வாங்கியவர் லைன்மேன். கரண்ட் நின்றதும் அந்த மனிதருடைய ஏழு தலைமுறையும் தெருவுக்கு வந்துவிடும். காரணம் இருந்தது. வெயிலண்ணே சம்சாரம் எங்களுக்கெல்லாம் அக்கா. அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாய் வைத்து ஒரு மெஷின்தான் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. கரண்ட் நின்றால் மெஷினும் நிற்கும். கைகாவலுக்கு ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு. அது தீருவதற்குள் கரண்ட் வந்தாக வேண்டும்.

பெங்களூரிலிருந்த மகன் மாடியில் சோலார் தகடு மாட்டிக் கொடுத்தான். எங்கள் பக்கத்தில் அதுதான் முதல். வீட்டுக்குப் போக மிச்சக் கரண்ட் லைனுக்கே போய்ச் சேரும். அண்ணே அப்பளப் பாய்களை ஓரங்கட்டிவிட்டு, போவோர் வருவோரையெல்லாம் மாடிக்கு இழுத்துப் போனார். "இனிமே கரண்ட் ஆபீசுக்கே நாந்தான் படியளக்குறேன்."

முதல் மின்வெட்டு பட்டப்பகலில் வந்தது. மண்டையைப் பிளக்கிற வெயிலில் தகடு மின்ன, கீழே மெஷின் நின்றுபோனது. தகடு மாட்ட வந்த கம்பெனிக்காரனை அண்ணே போனில் பிடித்தார். லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தகட்டோடு வைத்த சோலார் பெட்டி தானாக நின்றுகொள்ளும் என்றானாம் அவன். இல்லையென்றால் உங்கள் வீட்டுக் கரண்ட் கம்பத்துக்குப் போய், மேலே ஏறி வேலை பார்ப்பவரை அடித்துவிடும் என்றும் சொன்னானாம்.

அண்ணே போனை வைத்தார். "சூரியனுக்கே லைன் வேணுமாம்ப்பா" என்றார். சிரித்தோம். அவர் சிலிண்டரைத் திறக்கப் போனார்.

பங்குனியில் ஒரு நண்பகல், சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனது. நிரப்பக் கொடுத்த சிலிண்டர் திரும்பியிருக்கவில்லை. தெருமுனைக் கம்பத்தில் லைன்மேன் ஏறியிருந்தார். அக்கா உட்கார்ந்தபடியே காற்றைத் தேடினார். உதடு நீலம் பாரித்தது. அக்காவின் தம்பி வயரிங் வேலை பார்ப்பவன். சோலார் பெட்டியைத் திறந்து ஒரு வயரில் கைவைத்தான். அதைப் பிடுங்கினால் மெஷின் ஓடும் என்றான். கம்பத்துக்கும் போகுமே என்றேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை.

"எங்கக்காவப் பாருங்க மச்சான்."

அண்ணே அக்காவைப் பார்த்தார். ஜன்னல் வழியே கம்பத்தைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் அந்தப் பீஸ் கட்டைப் பேச்சு.

அக்கா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரு தோண்டிக் கிடந்ததால் நான் கூட்டிவந்த ஆட்டோ கம்பத்தடியிலேயே நின்றுவிட்டது. வீட்டிலிருந்து அங்கே வரை அண்ணே அக்காவைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பத்தடியில் ஒரு கணம் நின்று, மேலே இருந்த லைன்மேனை அண்ணாந்து பார்த்தார்.

"எங்க வீட்டுப் பெட்டிய யாரும் தொடமாட்டாய்ங்க. பதறாம வேலையப் பாருப்பா" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவில் ஏறினார்.