செவலையின் துணையாள்

மனிதகுலம் நிலத்துக்கு எல்லைக்கல் நடக் கற்ற நாளிலிருந்து, 2004 காந்தி ஜெயந்தியன்று எங்கள் ஊரில் கூடிய கிராம சபையைப் போல் கனமான சபை எங்கும் கூடியதில்லை. வந்திருந்தோர்: ஊராட்சித் தலைவர் வெங்கடேசன், கிராம நிர்வாக அலுவலர் சசிகலா, ஏழு தலைமுறைப் பெருமையைத் துண்டாக மடித்துத் தோளில் போட்டிருந்த ஏகாம்பரம், அவர் மனைவி கனகம், அவருடைய நான்கு வாடகை அறைகளில் குடியிருந்த கம்பெனிப் பையன்கள் சார்பில் தென்காசிக்கார இசக்கியப்பன், கை தூக்குவதற்கென்று நாங்கள் நாற்பது பேர். சன்னலுக்கு வெளியே, சம்பந்தப்பட்ட தரப்பாக, ஏகாம்பரத்தின் பசு செவலை.

பொருள்: ஊருக்கும் ஒரகடம் சாலைக்கும் நடுவே கிடக்கும் மேய்க்கால் புறம்போக்கு, பன்னிரண்டு ஏக்கர். சுற்றிலும் கம்பெனிகள் வந்துவிட்டன. மிஞ்சிய புல்லைக் ‘காப்பாற்ற’ அரசு வேலி போடப் போகிறது. உள்ளே யார் போகலாம் என்பதை ஊரே சொல்லலாம்; சொல்லப்பட்டவர்களுக்குப் பாஸ் உண்டு.

ஏகாம்பரத்துக்குக் கவலை புல்லைப் பற்றியதல்ல. விடியலில் அந்த மண்ணில் முதலடி வைப்பது அவர் வீட்டு மாடு. அதற்குப் பிறகுதான் மற்ற மாடுகள். பாட்டன் காலத்து மரியாதை. இப்போதோ, ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அவருக்கே வாடகை கொடுக்கும் பையன்கள் குறுக்கே நடந்து, செவலை எழுந்து சாணி போடுவதற்குள் நூறு முதலடி வைத்துவிடுகிறார்கள். குடும்ப மானம் தினந்தோறும் ஷூ காலில் மிதிபட்டது.

“மாடு மேயற எடத்துல மனுசனுக்கு இன்னா வேலை?” என்று எழுந்தார் ஏகாம்பரம். “மாடு மட்டும் போவட்டும். கூட ஒரே ஒரு தொணையாளு. பாஸு மாட்டு பேர்ல இருக்கட்டும்.”

“அய்யா, சுத்திப் போனா மூணு கிலோமீட்டராக்கும்,” என்றான் இசக்கியப்பன். “பஸ்ஸ விட்டா ஷிப்டு போச்சுல்லா?”

“அப்ப நீயும் ஒரு மாடு வாங்கிக்கோ.”

சபை சிரித்தது. சட்டம் இயற்றும் சபைக்கு அதுவே அழகு.

“பாஸுக்கு மாட்டோட போட்டோ வேணும்,” என்றார் சசிகலா.

“முன்பக்கமா, பக்கவாட்டுலயாம்மா?” என்று கவலைப்பட்டார் தலைவர்.

“ரெண்டு காதும் தெரியணும்.”

கொம்பு தெரிய வேண்டுமா என்பது பற்றி அரைமணி நேரம் ‘ஆழமான விவாதம்’ நடந்தது. ஒற்றைக் கொம்பு மாட்டுக்காரர் வெளிநடப்புச் செய்தார்.

“ஒண்ணாம் நம்பர் பாஸு எங்க வூட்டுக்குத்தான்,” என்றார் ஏகாம்பரம்.

“பழைய உரிமைக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா, பெரியவரே?” என்றார் சசிகலா.

கனகம் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். “ஏன்யா, வாய வெச்சிகினு சும்மா குந்து.”

வம்சத்தைக் கேள்வி கேட்டபின் குந்துவதா? “ஆதாரமா? எங்க தாத்தாவோட மாட்டுக்கொட்டாயே பொறம்போக்கு உள்ளதாம்மா இருந்துச்சு! அந்தக் கடக்கால் மேலதான் நாலு ரூமு கட்டிக்கிறேன். வந்து அளந்து பாரு!”

சசிகலா பேனா மூடியைத் திறந்தார். கனகம் கண்ணை மூடிக்கொண்டாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அரசு ஒரு குடிமகனின் கோரிக்கையை அதே வாரத்தில் நிறைவேற்றிய அதிசயத்தை அப்போதுதான் கண்டோம். அளவுச் சங்கிலியோடு வந்தார்கள், அளந்தார்கள், வேலியும் போட்டார்கள். நான்கு அறையும் வேலிக்கு உள்ளே நின்றன. மாதக் கடைசிக்குள் இடித்துக்கொள்ளும்படி நோட்டீசும் ஒட்டினார்கள். பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் சாலையோரத்துக்கே குடிபோனார்கள்.

கதவையாவது கழற்றி எடுக்கலாம் என்று போன ஏகாம்பரத்தை வேலி வாசலில் புதிதாகப் போட்டிருந்த காவலாளி மறித்தான்.

“பாஸ் யாரு பேர்ல கீது?”

“செவலை பேர்ல.”

“அப்ப செவலைய வரச் சொல்லு.”

சாலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்த இசக்கியப்பன் கவலையோடு விசாரித்தான்: “என்னய்யா, மாடு கொண்டாரலியா?”

மாடு வந்தது. முதலடி அதுதான் வைத்தது, மரியாதைக்குக் குறைவில்லை. கழற்றிய கதவைத் தலையில் ஏற்றிக்கொண்டபின்தான் துணையாளுக்கு இன்னொரு விதி புரிந்தது: மாடு இல்லாமல் வெளியே வரவும் முடியாது. செவலைக்கு வயிறு நிறையும்வரை, ஏழு தலைமுறைப் பெருமை கதவின் அடியில் நின்றுகொண்டிருந்தது.

மாட்டை உள்ளே விட்டு மனிதனை வெளியே நிறுத்தியது அரசு என்று வல்லக்கோட்டை வரை ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அரசு வேலிதான் போட்டது. மற்றதெல்லாம் ஏகாம்பரம் சொன்னது. நாங்கள் நாற்பது பேர் சிரித்துக்கொண்டே கை தூக்கியது.