நாகலிங்கப் பூவைப் பார்க்கப் போன கீரி

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இல்லை. அவர் செத்து எண்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அவருடைய மாளிகையும் தோட்டமும் அப்படியே இருந்தன. வருஷத்தில் ஒரே ஒரு நாள், மதியம் பன்னிரண்டு மணி வரை, தோட்டத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள்.

தோட்டத்தின் கோடியில் ஒரு நாகலிங்க மரம். அதன் பூ படமெடுத்த பாம்பு மாதிரியே இருக்கும் என்று காடே பேசிக்கொண்டது. செண்பகவடிவு என்ற கீரிக்கு அதை எப்படியாவது பார்த்துவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் பாறை உருண்டு விழுந்து பின்னங்கால்கள் போனதிலிருந்து அவள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அன்றிலிருந்து ஒரு பாம்பைக்கூட நேருக்கு நேர் முறைத்ததில்லை. ஒரு கீரிக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்குப் புரியாது. பாம்புகளுக்குப் புரிந்தது. எதிரே வந்தால் வணக்கம் சொல்லிவிட்டுப் போயின.

பூவையாவது முறைத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். வாசலில் மூன்று படிகள். படிக்குப் பக்கத்தில் காரியஸ்தர் கரடி மாசிலாமணி சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, ஒரு பலகை போட்டா நானே ஏறிப் போயிருவேன்.”

“இது ராஜா கால் பட்ட படி தாயி. பலகை பட்டா தேஞ்சிராதா?”

“இவ்வளவு கூட்டமும் ஏறுதே, அதுல தேயாதா?”

“அது பழைய முறைப்படி தேயுது. அது வேற.”

பலகை கேட்டு நாலு மாசம் முன்பே அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். ‘எத்தனை கால்களால் நடந்து வருவீர்கள்?’ என்ற கட்டத்தை நிரப்பவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கரடிக்கு நல்ல மனசு. இந்தக் கதையில் எல்லாருக்குமே நல்ல மனசுதான். அதுதான் எனக்கு எரிச்சல்.

“நாங்க இத்தன பேரு எதுக்கு இருக்கோம்? தூக்கிட்டுப் போயிருவோம்” என்றது கரடி.

“வேண்டாம் அண்ணாச்சி. என்னைத் தூக்கினா எனக்குப் பிடிக்காது.”

“கூச்சப்படாத தாயி.”

நாற்காலிக்குக் கீழே இரண்டு மூங்கில்களைச் செருகி, கரடியும் இரண்டு காட்டுப்பன்றிகளும் ஒரு கழுதையும் தோளில் ஏற்றின. வெயில் அடிக்கிறதே என்று ஒரு குரங்கு குடை பிடித்தது. வரிசையில் நின்ற விலங்குகள் நிமிர்ந்து பார்த்தன. நாலு பேர் தோளில், குடைக்குக் கீழே வருவது யார் என்று நம் காட்டில் ஒருவரும் கேட்பதில்லை. கும்பிடுவார்கள். ஓர் ஆடு தேங்காய் உடைத்தது. ஒரு மான் சூடம் கொளுத்தியது. பல்லக்குச் சுமந்து பழகிய கழுதை, படியேறாமல், மாளிகையை வலம்வரத் திரும்பிவிட்டது.

“ஒரு சுத்து சுத்திட்டு உள்ள போயிரலாம் தாயி. கூட்டம் ஆசைப்படுது” என்றது கரடி.

“நான் அம்மன் இல்லை. சீட்டு வாங்கிட்டு வந்த கீரி. ஒரு பலகை போடுங்க, போதும்” என்று செண்பகவடிவு கத்தினாள்.

“வாக்கு வந்துருச்சு, அம்மன் பலகை கேக்குது” என்றது ஆடு.

ஒரு மணி நேரத்தில் நூற்றேழு பலகைகள் காணிக்கையாக வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, படிக்கட்டின் கீழே அடுக்கினார்கள். சுற்று முடிந்து திரும்பிய செண்பகவடிவுக்கு உயிர் வந்தது. “அதுல ஒண்ணை எடுத்துப் படியில சாய்ச்சு வைங்க அண்ணாச்சி.”

கரடி கன்னத்தில் போட்டுக்கொண்டது. “மஞ்சள் வச்ச பலகை தாயி. அது மேல சக்கரத்த ஏத்தலாமா?”

அம்மன் கிழக்கே பார்க்க வேண்டும் என்று வாசலிலேயே அவளை இறக்கி வைத்தார்கள். தோட்டம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மணி பதினொன்றரை. அவள் கரடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, எனக்கு மாலை வேண்டாம், சூடம் வேண்டாம். அந்தப் பூ மரத்துல இருக்கும்போது ஒரு தடவை நேருக்கு நேர் பாக்கணும். அவ்வளவுதான்.”

கரடிக்கு நெஞ்சு உருகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து அறிவித்தது: “அம்மனுக்கு நாகலிங்கப் பூ வேணுமாம்.”

குரங்குகள் ஓடின. பத்து நிமிஷத்தில் மரத்தில் ஒரு பூ இல்லை, மொட்டும் இல்லை. அத்தனையையும் கொண்டுவந்து அவள் மடியில் கொட்டினார்கள். செண்பகவடிவு ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். முறைக்க முடியவில்லை. கசங்கி, படம் சரிந்து கிடந்தது. பாம்பு போல இருந்த ஒன்றிடம் ஒரு கீரி மன்னிப்புக் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு அழுதாள்.

“அம்மன் கண்ணுல தண்ணி வருது” என்று யாரோ சொன்னார்கள். வரிசை ஆற்றங்கரை வரைக்கும் நீண்டது. பன்னிரண்டு மணிக்குத் தோட்டத்தைப் பூட்டினார்கள். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நீதி: சக்கர நாற்காலியில் வருகிறவருக்குப் பலகை போட்டால் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். தோளில் தூக்கிப் பாருங்கள், ஊருக்கு ஒரு கோயில் கிடைக்கும்.